மழைக்கு முன் சம்ப்பும் மேல்தொட்டியும்: 24 வீட்டுக் குடியிருப்பில் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, கொசுவுக்கு என்ன வழி?

வேளச்சேரி_24 கேட்டது:

தாழ்வான தெரு, 24 வீடுகள். தரைக்கு அடியில் 20,000 லிட்டர் சம்ப் ஒன்று, மேல்தொட்டி மூன்று. மெட்ரோ தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. சம்ப் மூடி தரைமட்டத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு என்று கேட்டால் பிளம்பர் ஒரு கணக்கு சொல்கிறார், வாட்ச்மேன் ஒரு கணக்கு சொல்கிறார். சரியான அளவு என்ன? தெருத்தண்ணீர் சம்ப்பில் இறங்கிவிட்டால் என்ன செய்வது? கொசுவுக்குப் புகை அடித்தால் போதுமா?

தண்ணீர்த்தொட்டி எழுதியது:

அளவைச் சொல்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

புது பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராமில் தொடங்குங்கள், மழைக்காலத்தில் 4 கிராம் வரை போகலாம். உங்கள் சம்ப் நிரம்பியிருந்தால் 50 முதல் 80 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

பவுடரை நேராகச் சம்ப்பில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, முக்கால் வாளி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் சம்ப்பில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தொட்டிக்குள் போகக் கூடாது. இரும்பு வாளி அரித்துப்போகும். கழிப்பறை ஆசிட் இருந்த வாளியைத் தொடவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். ஊற்றிய பின் ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் போடுங்கள்.

பிறகு சோதனை. குளோரின் சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர், அதில் சொல்லியிருக்கும் அளவு சொட்டு மருந்து. மஞ்சள் நிறத்தை உடனே பக்கத்து வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். நேரம் கழித்துப் பார்த்தால் நிறம் ஏறிக்கொண்டே போய் ஏமாற்றும். சம்ப்பிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் வீட்டுக் குழாயில் எடுங்கள். சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், மழைக்காலத்தில் 0.5 இருக்க வேண்டும். நிறமே வராவிட்டால் பவுடர் செத்துப்போனது, அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம். ஆர்.ஓ. தண்ணீரில் சோதித்துவிட்டு குளோரின் இல்லை என்று பலர் பதறுகிறார்கள். அந்த மெஷினில் இருக்கும் கரித்தூள் வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். மெஷினுக்கு முன்னால் இருக்கும் குழாயில்தான் பார்க்க வேண்டும்.

லாரித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய விடுங்கள். சேற்றில் போடும் குளோரினைச் சேறே தின்றுவிடும்.

தெருத்தண்ணீர் உள்ளே போய்விட்டால் 80 கிராம் எதற்கும் உதவாது. மோட்டாருக்கு வரும் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். சுற்றிலும் வெள்ளம் வடிந்த பிறகு சம்ப்பை முழுக்க இறைத்து, வண்டலை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சம்ப்பில் இறங்குபவர் தனியாக இறங்கவே கூடாது. மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, மேலே ஆள் நின்று, இடுப்பில் கயிறு கட்டித்தான். உள்ளே பிளீச்சிங் கரைசல் இருக்கும்போது யாரும் இறங்க வேண்டாம். கழுவிய பின் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம், உங்களுக்கு 3 கிலோ. அதை மேல்தொட்டிகளுக்கும் ஏற்றி, ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் குழாயையும் குளோரின் வாடை வரும் வரை திறந்து மூடி, 12 மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு அத்தனையையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர். அதுவரை குடிக்க கேன் தண்ணீர், இல்லையென்றால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீர்.

மூடியைச் சுற்றி இப்போதே ஓரடி உயரத்துக்குச் செங்கல் கட்டி எழுப்புங்கள். மழை வந்தபின் அந்த வேலை நடக்காது.

கொசுப்புழு எழுதியது:

புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் நெளியும் புழு நாளைக்குக் கொசுவாகி வெளியே வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளும். அதனால் வாரம் ஒருநாள் பார்த்தால் போதும், ஆனால் ஒரு வாரம்கூட விடக்கூடாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே வைத்தால் அடுத்த மழையில் பொரிக்கும். தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். புழுவோடு இருக்கும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி, பூந்தொட்டித் தட்டு, சன்ஷேடு மேல் கிடக்கும் டயர், மொட்டை மாடி ஆட்டுக்கல், பூட்டிய வீட்டுக் கழிப்பறை ஃபிளஷ் தொட்டி. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் திறந்து பார்ப்பதில்லை. மேல்தொட்டியின் ஓவர்ஃபுளோ குழாய் வாயிலும் செப்டிக் டேங்க் காற்றுக்குழாயிலும் நைலான் வலை கட்டுங்கள். தெருவில் நிற்கும் தண்ணீருக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள்.

வேளச்சேரி_24:

மிக்க நன்றி சார். காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் குடிநீர் கொடுத்துப் பார்க்கலாமா, உடனே ஆஸ்பத்திரியா?

வார்டு_நர்ஸ் எழுதியது:

நிலவேம்பு குடிக்கட்டும். ஆனால் அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறியுங்கள். டெங்குவா என்று பார்க்க, முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். எலிசா பரிசோதனை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம், செலவில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.

காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாக இருக்கும் நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாள், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிட்டுப்போதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆலோசனைக்கு 104. வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் இருந்தால், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

வயிற்றுப்போக்குக்கு, ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் ஒன்று முழுதும் ஒரு லிட்டர் தண்ணீரில். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கலக்கக் கூடாது, உப்பு ஏறிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு வீட்டில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் சம்ப் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மூன்றாவது வீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வேளச்சேரி_24:

சரிங்க மேடம். பிளீச்சிங் பவுடரை 25 கிலோ மூட்டையாக வாங்கி வைக்கலாமா?

தண்ணீர்த்தொட்டி:

வேண்டாம். பிரித்த மூட்டை ஈரத்தில் வாரக்கணக்கில் வீரியம் இழக்கும். இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பிரித்த தேதியை மேலே எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சுத்திகரிப்புக்கான 3 கிலோவைப் பிரிக்காத பொட்டலமாகத் தனியே வையுங்கள். மோட்டார் அறையில் மட்டும் வேண்டாம், அதன் ஆவி பேனல் போர்டின் செம்புக் கம்பிகளை அரித்துவிடும்.