பந்துவான் மொடாலுக்குத் தமிழில் என்ன?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

தமிழ்ச் சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இதுவரை மற்றவர்கள் சொல்லுக்காக மோதிக்கொள்வதை வாசித்து ரசித்ததோடு சரி, நானாகக் கேட்டு எழுதுவது இதுவே முதல் முறை. நான் மொழி படித்தவன் இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் சின்னதாக ஒரு மளிகைக்கடை, கூடவே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வாரியத்துக்குச் செயலாளர் வேலை. கல்வி இலாகாவிலிருந்து கடிதம் மலாயில் வரும். பெற்றோருக்குச் சுற்றறிக்கை தமிழில் போக வேண்டும். நடுவில் நான்.

எங்கள் பள்ளி மலாயில் 'பந்துவான் மொடால்' பள்ளி. பந்துவான் என்றால் உதவி. இதைப் பத்திரிகைகளில் 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்கிறார்கள். 'பந்துவான் பெனூ' என்றால் 'முழு உதவி பெறும் பள்ளி'. நானும் யோசிக்காமல் அப்படியே எழுதி வந்தேன். போன ஆண்டுக் கூட்டத்தில், பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி பின்வரிசையிலிருந்து எழுந்து கேட்டார்: "பகுதின்னா, பாக்கிப் பகுதிய யாரு குடுக்கிறது?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். மேலே கூரை ஒழுகிக் கறை பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். மொடால் என்றால் மூலதனம். அப்படியானால் 'மூலதன உதவிப் பள்ளி' என்றாகிறது. ஆனால் எங்களுக்குச் சுலபத்தில் கிடைக்காதது அந்த மூலதனம்தானே! ஆசிரியர் சம்பளம் மாதம் தவறாமல் அமைச்சிலிருந்து வருகிறது. பாடநூலும் காலை உணவும் வருகின்றன. புதிதாக ஒரு வகுப்பறை வேண்டும் என்றால்தான் இழுக்கிறது. பெயர் ஒரு பக்கம், நடப்பது மறு பக்கம்.

இதில் 'கெரான்' வேறு ஒரு தொல்லை. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வரும் பணத்தை மலாயில் 'கெரான் பெர் காப்பித்தா' என்பார்கள். கூட்டத்தில் நான் மைக்கைப் பிடித்து, "இந்த வருசத்துக் கெரான் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டேன். மண்டபமே கைதட்டியது. எனக்கு விளங்கவே இல்லை, வழக்கமாகக் கணக்கு வாசிக்கும்போது யாரும் கைதட்ட மாட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது. நம் ஊரில் கெரான் என்றால் நிலப்பட்டா, வீட்டுப்பட்டா, காடி, அதாவது வண்டி, வாங்கினால் அதன் உரிமைப் பத்திரம். பள்ளி நிலத்துக்குப் பட்டா கிடைத்துவிட்டதென்று நினைத்திருக்கிறார்கள். திருத்திச் சொன்னபோது மண்டபம் அடங்கிய விதத்தை நான் மறக்கமாட்டேன்.

சொல் வேண்டும், ஐயா. பாட்டிக்கும் விளங்க வேண்டும், இலாகாக்காரர் கேட்டாலும் நிற்க வேண்டும்.

—

பினாங்கிலிருந்து:

வணக்கம் ஐயா. மொழிபெயர்ப்பு எனக்குத் தொழில், ஆகவே கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 'மூலதன உதவிப் பள்ளி' என்பதே சரி. சொல்லைத்தான் மொழிபெயர்க்க முடியும், கூரையை அல்ல. 'பகுதி உதவி' என்பது மொழிபெயர்ப்பே இல்லை, அது பத்திரிகைக்காரர் கொடுத்த விளக்கவுரை.

கெரானுக்குத் 'தலைவீத மானியம்' போடுங்கள். 'தனிநபர் மானியம்' என்று சிலர் எழுதுகிறார்கள். யாரோ ஒருவருக்கு மட்டும் கொடுத்ததுபோல் இருக்கிறது.

—

மதுரையிலிருந்து:

நண்பர்களே, எங்கள் பக்கத்தில் இதற்குப் புழங்கிப் பழகிய சொல் உண்டு: 'அரசு உதவி பெறும் பள்ளி'. ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும், இடமும் கட்டடமும் நிர்வாகத்தின் பொறுப்பு. மலேசியத் தோட்டப் பள்ளியின் நிலையும் ஏறக்குறைய இதுதானே? ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

இன்னொன்று. எங்கள் அரசாணைகளில் 'தொடரும் செலவினம்', 'தொடராச் செலவினம்' என்று பிரிப்பார்கள். சம்பளம் தொடரும் செலவினம். கட்டடம் தொடராச் செலவினம். இதை வைத்துத் 'தொடர் மானியம்', 'தொடரா மானியம்' என்று ஆக்கிக்கொண்டால் என்ன?

—

சுங்கை சிப்புட்டிலிருந்து:

மதுரை ஐயாவுக்கும் பினாங்கு அக்காவுக்கும் நன்றி. மூன்று நாள் கடையில் வியாபாரம் மந்தம், ஆகவே நிறைய வாசித்தேன். பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் 'அரசு உதவி பெறும் பள்ளி'. இங்கே அது உதவாது ஐயா. எங்கள் சட்டத்தில் அரசாங்கப் பள்ளி, அரசாங்க உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று மூன்று வகை. முழு உதவி என்று நாம் சொல்லும் தமிழ்ப்பள்ளியும் பகுதி உதவி என்று சொல்லும் தமிழ்ப்பள்ளியும் ஒரே நடு வகைக்குள் அடங்கக்கூடியவை. பந்துவான் என்றாலே உதவி. உதவிக்குள் உதவியைப் பிரிக்கத்தான் எனக்குச் சொல் வேண்டும்.

'தொடரா மானியம்' கணக்கரிடம் செல்லுபடியாகும். தோட்டத்தில் சொன்னால், "நிறுத்திட்டானுங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

இனி முக்கியமான விசயம். நமக்குப் பொருந்துவது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 550ஆம் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1997 டிசம்பர் 31. அதன் சொல்விளக்கப் பகுதியை எழுத்தெழுத்தாக வாசித்தேன். 'பந்துவான் மொடால்' என்பது பள்ளியின் பெயர் அல்ல, பணத்தின் பெயர். நிலம், கட்டடம், இருக்கும் கட்டடத்தை மாற்றுவது, விரிவாக்குவது, அதற்கு வேண்டிய தளவாடம் ஆகியவற்றுக்காகப் பொதுப் பணத்திலிருந்து தருவது. மற்றப் பணமெல்லாம் 'சும்பங்கான் பந்துவான்'. சரி, அரசாங்க உதவி பெறும் பள்ளி என்றால் என்ன என்று அடுத்துப் பார்த்தேன். பந்துவான் மொடாலையும், முழுமையான சும்பங்கான் பந்துவானையும் பெறுகிற பள்ளி என்று இருக்கிறது. இரண்டையும்!

மறுபடி வாசித்தேன். மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. 'பகுதி' என்ற வகை அந்த விளக்கத்தில் இல்லவே இல்லை. சட்டத்தில் இல்லாத ஒரு வகுப்பை நடைமுறை உண்டாக்கி வைத்திருக்கிறது, நாம் அதற்குத் தமிழில் பெயரும் வைத்து, பள்ளிப் பலகையில் எழுதாத குறையாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். பகுதி உதவிப் பள்ளி என்று நாமே சொல்லிக்கொண்டு போய் நின்றால், எதிரே இருப்பவர் "பகுதிதானே?" என்று கேட்க மாட்டாரா?

ஆகவே, அக்கா, நீங்கள் சொன்ன 'மூலதன' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் பள்ளிக்கு அல்ல, பணத்துக்கு. பந்துவான் மொடால் என்றால் மூலதன மானியம். 'முதல் மானியம்' என்றுகூட யோசித்தேன். முதல் போட்டுக் கடை வைத்தவன் நான், முதலுக்கே மோசம் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் எழுதிப் பார்த்தால் முதலாவதாக வந்த மானியம் என்று ஆகிவிடுகிறது. பொருளிலக்கணத்தில் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று பள்ளியில் படித்த ஞாபகம். அந்தக் கணக்கில் எங்களுக்குப் பொழுது நிறைய இருக்கிறது, நிலம்தான் இல்லை.

அங்கேதான் வருகிறேன். இந்தப் பள்ளிகளுக்குள் உள்ள வேறுபாடு உதவியில் தொடங்கவில்லை, நிலத்தில் தொடங்குகிறது. பள்ளி அரசாங்க நிலத்தில் நின்றால் கட்டடத்துக்கு மேம்பாட்டு ஒதுக்கீட்டிலிருந்து பணம் வர வழி இருக்கிறது. வேறொருவர் நிலத்தில் நின்றால், அடுத்தவர் மனையில் அரசாங்கப் பணத்தைக் கொட்டுவதா என்ற கேள்வி வந்துவிடுகிறது. நாங்கள் கழிப்பறை கட்ட மனுப் போட்டபோது முதலில் கேட்கப்பட்டது வரைபடம் அல்ல, நில உரிமையாளரின் சம்மதக் கடிதம். அந்தக் கடிதத்துக்காக மானேஜர் ஆபீசுக்கு நான் நடந்த நடையில் ஒரு ஜோடி சிலிப்பர் தேய்ந்தது. மானேஜர் நல்லவர். ஆனால் அவருக்கு மேலே கம்பெனி, கம்பெனிக்கு மேலே இன்னொரு கம்பெனி.

ஏன் அடுத்தவர் நிலத்தில் நிற்கிறோம் என்பதை வெளிநாட்டு உறுப்பினர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம், 1923ஆம் ஆண்டுடையது, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். சாமான் கொட்டகையில், கோயில் ஓரத்தில், சில இடங்களில் கங்காணியோ, கிராணி என்ற ஆபீஸ் குமாஸ்தாவோ வாத்தியாராக. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவில் பள்ளி தோட்டத்துச் சொத்தாகவே முளைத்தது. சுதந்திரத்தை ஒட்டி வந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் பிறகு வந்த 1961ஆம் ஆண்டுச் சட்டமும் பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. 'தேசிய வகை' என்ற பட்டம் கிடைத்தது, காலப்போக்கில் வாத்தியார் அரசாங்க ஊழியர் ஆனார். நிலம் மட்டும் கம்பெனியிடமே இருந்துவிட்டது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் வந்தபோது எங்கள் ஊர்க்காரர், ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பது தெரிந்த கதை. தோட்டம் கைமாறினால் பள்ளியின் அடிமண்ணும் கைமாறும்.

கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை வேறு குறுக்கே நிற்கிறது. கல்வி மத்திய அரசாங்கத்தின் பட்டியலில், நிலம் மாநிலத்தின் பட்டியலில். பள்ளிக்கென்று நிலம் ஒதுக்கத் தேசிய நிலச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அந்தப் பேனா மாநிலத் தலைநகரான ஈப்போவில், கட்டடப் பணத்தின் பேனா மத்திய அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவில். இரண்டு பேனாவும் ஒரே மேசைக்கு வருவதற்குள் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்துவிட்டுப் போய்விடுகிறான்.

இத்தனைக்கும் 'பகுதி' என்ற சொல் எதையாவது காட்டுகிறதா? பணம் குறைவு என்று மட்டும் சொல்கிறது. ஏன் குறைவு என்பதை மூடி வைக்கிறது. ஆகவே நான் முன்வைக்கும் சொல்: 'இரவல் நிலப் பள்ளி'. எதிர்ப்பதம் 'அரசு நிலப் பள்ளி'. பாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆமா, எரவல்தானே" என்றார். உடனே விளங்கியது.

மாணவர் எண்ணிக்கை 150ஐத் தாண்டாத பள்ளியை எஸ்.கே.எம் (செக்கோலா கூராங் மூரிட்) என்கிறார்களே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். 'சிறு பள்ளி' போதும் என்று நினைக்கிறேன். 'குறைந்த மாணவர் பள்ளி' என்றால் குறை மாணவரிடம் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. தலையை எண்ணி மானியம் வருவதால் எங்களுக்கு இது சின்னச் சொல் இல்லை. ஒரு குடும்பம் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, மாறிப்போனால் மூன்று தலை போகும். ஒழுகும் கூரை தலை குறைந்தது என்று குறைவாக ஒழுகாது.

—

கிள்ளானிலிருந்து:

வணக்கம். நான் ஆசிரியை, இப்போது ஓய்வில். தோட்டப் பள்ளிகளில்தான் பாதிச் சேவைக்காலம் போனது.

அண்ணன் சொன்ன காரணத்தை முழுமையாக ஏற்கிறேன், சொல்லை ஏற்கமாட்டேன். 'இரவல்' உங்களுக்கும் எனக்கும் அரசியல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது கேலி. ஏற்கனவே பஸ்ஸில் டவுன் பள்ளிப் பிள்ளைகள் 'தோட்டத்து ஸ்கூல்' என்று சொல்லி எங்கள் பிள்ளைகளைச் சீண்டுவதைப் பார்த்திருக்கிறேன். 'இரவல் பள்ளி' கிடைத்தால் விடுவார்களா? பெற்றோரிடம் போய்ச் 'சேருங்கள்' என்று கேட்கவும் எனக்கு வாய் வராது. இரவல் கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம் என்ற பொருளும் அதில் இருக்கிறது. நூறு வருடம் உட்கார்ந்த இடத்தை நாமே இரவல் என்று எழுதிக் கொடுப்பானேன்?

இன்னும் ஒன்று விட்டுவிட்டீர்கள். எல்லாம் கம்பெனி நிலம் இல்லை. வாரியமே காசு சேர்த்து வாங்கிய மனையிலும் பள்ளி இருக்கிறது. அதை இரவல் என்றால் வாரியத்தார் சண்டைக்கு வருவார்கள்.

'தனியார் நிலப் பள்ளி' என்று மாற்றிப் பார்த்தேன். வேகமாக வாசித்தால் தனியார் பள்ளி. "ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்பார்கள்.

ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? தோட்ட நிலப் பள்ளி, வாரிய நிலப் பள்ளி, அரசு நிலப் பள்ளி. யாருடைய மண்ணோ அந்தப் பெயர்.

—

பினாங்கிலிருந்து:

கிள்ளான் அம்மா சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இது மலாய்ச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு அல்ல என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஆனால் பணத்துக்கு 'மூலதன மானியம்', பள்ளிக்கு நிலத்தின் பெயர் என்று பிரித்துவிட்டதால் என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். 'சும்பங்கான் பந்துவானு'க்கு மதுரை ஐயாவின் 'தொடர் மானியம்' இருக்கட்டும். 'தொடரா'வை மட்டும் விட்டுவிடுவோம்.

—

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அக்கா, ஆசிரியையம்மா, ஐயா, எல்லாருக்கும் நன்றி. 'இரவல்' என் கடைக் கணக்குப் புத்தகத்தோடு இருக்கட்டும்.

நேற்று இரவு சுற்றறிக்கையைத் தயார் செய்தேன். 'நமது தோட்ட நிலப் பள்ளிக்கு மூலதன மானியம் கோரி வாரியம் மனுச் செய்துள்ளது' என்று முதல் வரி. தலைமையாசிரியர் வாசித்துவிட்டு, 'பகுதி உதவி' என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டால் பழகியவர்களுக்கு வசதி என்றார். நான் முடியாது என்றேன். கொஞ்சம் வாக்குவாதமானது. கடைசியில் இந்த ஒரு முறை மட்டும் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறேன், அடுத்ததில் எடுத்துவிடுவேன்.

தலைவீத மானியத்தை 'தலைவீத மானியம்' என்றே எழுதிவிட்டேன், கெரான் என்ற சொல்லைத் தொடவில்லை. அது நிலப்பட்டாவுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். என்றைக்காவது மைக்கில் சொல்ல வேண்டியிருக்கும்.