ஸ்கிரிப்டட் தொடருக்குத் தமிழில் என்ன சொல்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். மாலை வகுப்பில் ஊடகம் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சி பற்றிய பகுதியில் மாட்டிக்கொண்டேன்.

2023 மே 2 அன்று அங்கே திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். செப்டம்பரில் புதுத் தொடர்கள் வர வேண்டிய நேரத்தில் பெரிய சேனல்கள் கேள்வி-பதில் போட்டி, ரியாலிட்டி ஷோ, பழைய தொடர்கள் என்று போட்டு ஒப்பேற்றின. எழுத்தாளர்கள் செப்டம்பர் கடைசியிலும் நடிகர்கள் நவம்பரிலும் வேலைக்குத் திரும்பினார்கள். 2024 ஜனவரி, பிப்ரவரியில்தான் ஸ்கிரிப்டட் தொடர்கள், அதாவது எழுத்தாளர் முன்கூட்டி எழுதித் தரும் தொடர்கள், வரிசையாக வந்தன. இதை எழுத ஸ்கிரிப்டட், அப்படி எழுதித் தராத அன்ஸ்கிரிப்டட், சீசன் என்ற மூன்றுக்கும் சொல் வேண்டும். 'எழுத்துத் தொடர்', 'எழுதா நிகழ்ச்சி', 'பருவம்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். சரியா?

திருவொற்றியூரிலிருந்து:

அம்மா, 'எழுதா' என்றதும் குறுந்தொகை 156 நினைவுக்கு வந்தது. அங்கே 'எழுதாக் கற்பு' என்பது வேதம். எழுதி வைக்காமல் வாய்வழியே வந்தது, ஆனால் ஓர் அசைகூட மாறாது. நீங்கள் சொல்லும் நிகழ்ச்சியோ வாய்க்கு வந்ததைப் பேசுவது. எழுதாமை வேறு, முன்கூட்டி அமைக்காமை வேறு. இந்த வேறுபாட்டை விட்டால் சொல் பிழைபடும்.

நால்வகைக் கவிகளில் முதலாவது ஆசு. கேட்ட நொடியில் பாடுபவர் ஆசுகவி. ஆகவே அன்ஸ்கிரிப்டட் என்பது 'ஆசு நிகழ்ச்சி'. ஸ்கிரிப்டட் என்பது 'பனுவல் தொடர்', பனுவல் என்றால் நூல். நன்னூல் சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் உருவகம் செய்கிறது. நூற்பவர் கையை எடுத்ததும் இழை அறுந்ததுதானே 2023இல் நடந்தது? இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

அமெரிக்கர்கள் 'ஃபால்' என்று சொல்லும் செப்டம்பர் அட்டவணையை 'இலையுதிர் காலம்' என்று எழுதிவிடாதீர்கள். நமக்கு அது ஆவணி, புரட்டாசி, அதாவது கார். ஜனவரியில் தொடங்குவது முன்பனி. தொல்காப்பியர் ஆறு பெரும்பொழுது தந்திருக்கிறார், கடன் வாங்க வேண்டியதில்லை.

வியாசர்பாடியிலிருந்து:

ஐயா, 'ஆசு' என்றால் குற்றம் என்றும் பொருள் உண்டே. குற்ற நிகழ்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் தெருவில் 'எல்லாம் ஸ்கிரிப்டட்பா' என்று சொன்னால் ஏமாற்று வேலை என்று அர்த்தம். பாட்டுப் போட்டியில் ஒருவர் அழுதாலும் ரியாலிட்டி ஷோவில் இரண்டு பேர் சண்டை போட்டாலும் உடனே அதைத்தான் சொல்கிறோம். அமெரிக்காவில் தொழில்வகையைக் குறிக்கும் சொல், இங்கே ரியாலிட்டி ஷோ மேல் வைக்கும் குற்றச்சாட்டு. 'எழுத்துத் தொடர்கள் திரும்பி வந்தன' என்று படிக்கும் பிள்ளை 'மறுபடி ஏமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள்' என்று எடுத்துக்கொள்ளும். என் அம்மா இந்தப் பிரிவினையை எப்போதோ முடித்துவிட்டார். கதை இருந்தால் 'சீரியல்', இல்லாவிட்டால் 'ஷோ'. அதனால் 'கதைத்தொடர்' போதும்.

ஐயா சொன்ன எழுதாமை பற்றியும் ஒன்று. சாவு வீட்டில் கானா பாடுகிறவர் இறந்தவர் பெயர், தொழில், தெரு எல்லாம் சேர்த்து அங்கேயே கட்டிப் பாடுவார். தாளில் ஒரு வரி இருக்காது. ஆனால் வாய்க்கு வந்ததைப் பாடுவது என்று அதை யாரும் சொல்ல முடியாது.

பெரம்பூரிலிருந்து:

கானாவைச் சேர்த்ததற்கு நன்றி தம்பி. நான் நாடகத்தில் இருந்தவன். அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளில் ஸ்கிரிப்டுக்கு 'பாடம்' என்றுதான் பெயர். வாத்தியார் பாடம் சொல்லிக் கொடுப்பார், பையன்கள் நெட்டுருப் போடுவார்கள். கையேட்டில் 'பாடத் தொடர்' என்று போட்டால் கல்வி நிகழ்ச்சி ஆகிவிடும், தெரியும். பதிவுக்காகச் சொல்கிறேன்.

'கதைத்தொடர்' எனக்கு ஒப்பவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கியதும் முதலில் நின்றவை இரவு நேர நகைச்சுவைப் பேச்சு நிகழ்ச்சிகள். அவற்றில் கதை கிடையாது, எழுத்து உண்டு. கதை என்றால் தானாக முளைத்தது போல ஒலிக்கிறது. ஒருவர் உட்கார்ந்து எழுதினார், கூலி கேட்டார், பேனாவைக் கீழே வைத்தார் என்பதுதான் அந்தப் பகுதியின் உயிர். 'எழுத்து' என்ற சொல்லை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு எது புரியும்?

காசிமேட்டிலிருந்து:

சீசனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் இரண்டு அர்த்தம் கலந்திருக்கிறது. 'சீசன் 2' என்பது தொடரின் பகுதி. செப்டம்பர் முதல் மே வரை என்பது ஒளிபரப்பு ஆண்டு. இரண்டுக்கும் 'பருவம்' போட்டால் குழப்பம். முதலாவதற்குப் 'பாகம்' போடுங்கள்.

இன்னொன்று. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். தடை முடிந்து படகு திரும்பும்போது 'வரத்து ஆரம்பிச்சிடுச்சு' என்போம். தொடர்கள் திரும்பி வந்ததற்கு 'மறுமலர்ச்சி', 'மீளெழுச்சி' எல்லாம் பெரிய சொற்கள். நின்ற வேலை தொடங்கியது, அவ்வளவுதானே? 'மறுவரத்து' என்று எழுதலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இன்று புதன், இரவுக்குள் முடிக்க வேண்டும். நான்கு பேர் தனி மடலில் 'கதைத்தொடர்' என்றே எழுதியிருக்கிறார்கள், அதையே வைக்கிறேன். பெரம்பூர் ஐயா கேட்டது நியாயம். அதனால் முதல் பத்தியிலேயே 'எழுத்தாளர் எழுதி, நடிகர் நடிக்கும் கதைத்தொடர்' என்று விரித்து எழுதிவிட்டேன். அன்ஸ்கிரிப்டட் 'கதையில்லா நிகழ்ச்சி'. மனதுக்குப் பிடிக்கவில்லை, வேறு கிடைக்கவில்லை. பருவமும் பாகமும் நிற்கின்றன. 'மறுவரத்து' என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து:

அம்மா, 'கதையில்லா' என்பது எதிர்மறையால் பெயர் வைப்பது. எது இல்லை என்று சொல்கிறதே தவிர எது இருக்கிறது என்று சொல்லவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'வரத்து' நல்ல சொல், வரத்துக் கால்வாய் என்று ஏரிக்கும் அதுவே. ஆனால் 'மறு' அங்கே எதற்கு? வரத்து என்றாலே ஒவ்வொரு ஆண்டும் வருவதுதானே? காசிமேட்டுத் தம்பி, மீன் திரும்பி வரும்போது உங்கள் ஊரில் 'மறு' சேர்த்துச் சொல்கிறார்களா?