முதல் ஹோம் தியேட்டர்: 7.1 பெட்டி எடுக்கலாமா, தனித்தனியா வாங்கலாமா?

கேள்வி:
ஹால் 11×14 அடி. 55 இஞ்ச் டிவி, எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவி சத்தத்தை வெளியே அனுப்புற இணைப்பு) இருக்கு. சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கு. வாடகை வீடு, சுவர்ல துளை போட முடியாது. பார்க்கிறது பெரும்பாலும் ஓ.டி.டி. படங்கள், வசனம் தெளிவா கேட்டாப் போதும். கடையில 1000 வாட்ஸ் 7.1 செட் (ஏழு ஸ்பீக்கர், தாழ்ந்த சத்தத்துக்கு ஒரு சப்-வூஃபர்) எடுக்கச் சொல்றாங்க. எடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் சார். பெட்டி மேல இருக்கிற 1000 வாட்ஸ் பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. (ஒரு கணத்துக்கு மட்டும் காட்டுற உச்சக் கணக்கு), இல்லேன்னா சத்தம் 10% சிதையுற அளவுல எல்லா சேனலையும் (ஸ்பீக்கர் வழிகளையும்) கூட்டிப் போட்ட கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கர்ல, ரெண்டு சேனல் ஓடும்போது ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தர்ற வாட்ஸ்) எவ்வளவுன்னு கேளுங்க. 60-70 இருந்தா உங்க ஹாலுக்குத் தாராளம்.

7.1-ல கடைசி ஜோடி தலைக்குப் பின்னாடி நிக்கணும். உங்களுக்கு அங்கே சுவர்தான் இருக்கு.

5.1 ஏ.வி. ரிசீவர் (சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரிச்சுத் தர்ற ஆம்ப்ளிஃபையர்) ஒண்ணு, முன் ஜோடி, நடுவுல வைக்கிற சென்டர், சப்-வூஃபர். இப்போதைக்கு 3.1 போதும், சர்ரவுண்டை (பக்கவாட்டு ஜோடியை) அப்புறம் சேர்த்துக்கலாம். பட்ஜெட்ல பாதிக்கு மேல ஸ்பீக்கருக்குப் போகட்டும். வசனம் பெரும்பாலும் சென்டர்லதான் வரும், அதுல கஞ்சத்தனம் வேண்டாம். முன் ஜோடியோட அதே சீரிஸ்ல எடுங்க. அலமாரிக்குள்ள தள்ளி வைக்காம விளிம்புக்கு இழுத்து, காதைப் பார்க்கிற மாதிரி சாய்ச்சு வைங்க.

பதில் 2:
சோபாவை ஒன்றரை அடியாவது முன்னாடி இழுங்க. சுவரை ஒட்டி உட்கார்ந்தா பாஸ் (தாழ்ந்த சத்தம்) குமுறும்.

சர்ரவுண்டுக்கு ஸ்டாண்ட் போதும், துளை தேவையில்லை. காதுக்கு ஒரு அடி மேல, உட்காருற இடத்துக்கு நேர் பக்கவாட்டுல. வயர் 16 கேஜ், எலக்ட்ரிக்கல் கடையில கிட்டத்தட்ட அதே தடிமன்ல 1.5 ஸ்கொயர் எம்.எம். சுத்தச் செம்பா வாங்குங்க. செம்பு பூசின அலுமினியத்தை விலை குறைவுன்னு தள்ளிவிடுவாங்க. அரை இஞ்ச் உரிச்சு நல்லா முறுக்குங்க. ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் புரொடெக்‌ஷனுக்குப் போய் அணைஞ்சிடும்.

கேட்டவர்:
நன்றி சார். சர்ரவுண்டோட சேர்த்தே வாங்கி மாட்டியாச்சு. டெஸ்ட் டோன் அஞ்சுலயும் வருது, ஆனா படம் ஓடும்போது சர்ரவுண்ட் ஊமை. முன் ரெண்டுல மட்டும்தான் சத்தம்.

பதில் 1:
அப்போ வயர்ல குறை இல்லை. டிவியோட டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் பி.சி.எம்.ல இருக்கும், அதுல ஸ்டீரியோதான் போகும். பாஸ்-த்ரூவுக்கோ (வந்த ஆடியோவை அப்படியே அனுப்புறது) ஆட்டோவுக்கோ மாத்துங்க. படத்தோட ஆடியோ தேர்வுலயும் 5.1 இருக்கான்னு பாருங்க. சில தமிழ் டப்பிங் ஸ்டீரியோவாத்தான் வரும்.

பதில் 2:
ரிசீவரோட மைக் வச்சு ஆட்டோ செட்டப் ஓட்டினதும் ஸ்பீக்கர் சைஸைப் பாருங்க. லார்ஜ்னு எடுத்திருந்தா ஸ்மால் ஆக்கி, கிராஸ்ஓவர் (இதுக்குக் கீழே உள்ள சத்தம் சப்-வூஃபருக்குப் போற எல்லை) 80 ஹெர்ட்ஸ் வைங்க. சப்-வூஃபர் முதுகுல இருக்கிற கிராஸ்ஓவர் திருகை முழுசா மேல ஏத்திடுங்க, இல்லேன்னா ரிசீவரும் சப்-வூஃபரும் சேர்ந்து சத்தத்தை ரெண்டு தடவை வெட்டும். 'ம்ம்ம்'னு இரைச்சல் வந்தா முதல்ல கேபிள் டிவி வயரைக் கழட்டிப் பாருங்க. நின்னுட்டா கிரவுண்ட் லூப்தான் (ரெண்டு எர்த் வழி இருக்கிறதால வர்ற இரைச்சல்), அந்த வயருக்கு ஐசோலேட்டர் போட்டாப் போதும்.