ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்றால் வலியும் இல்லையா?

பாலக்கோட்டு மகள்:
அம்மாவுக்கு ஆறு வருஷமாக உடம்பெல்லாம் வலி. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். போன வாரம் ஒரு டாக்டர், "எல்லாம் மனசுதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். புளி தட்டிப் பிழைத்த கை அது. இப்போது வளையல் போட்டுவிடக் கட்டைவிரலை மடக்கினாலே கண் கலங்குகிறது. 2002-ல் அமெரிக்காவில் ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெல்லாம் வலிக்கும், ஆனால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாத நோய்) உள்ள 16 பேருக்கும், வலி இல்லாத 16 பேருக்கும் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒரே அளவு லேசான அழுத்தம்தான். ஆனால் நோயாளிகளின் மூளையில் வலியை உணரும் பகுதிகள் அதிகம் சுறுசுறுப்பாக இருந்தன. மற்றவர்களுக்கு அதே வலி வர, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அழுத்த வேண்டியிருந்தது. இதை எப்படி நடிப்பு என்பது?

பென்னாகரம் வாத்தியார்:
நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன் தங்கச்சி. ஆனால் மூளைக்குப் போகும் முன் குடித்த தண்ணீரைப் பார். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் அது எலும்பில் சேரும். முதலில் வலியும் இறுக்கமும்தான் வரும், எக்ஸ்ரேயில் தெரிய நாளாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான், அதுவும் 2013-ல். காரணம் தெரியாத வலி என்பது பல நேரம் யாரும் காரணம் தேடாத வலி.

பாலக்கோட்டு மகள்:
அம்மா பல்லில் கறையே இல்லையே அண்ணா.

பென்னாகரம் வாத்தியார்:
பல் முளைத்து வரும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத்தான் கறை விழும். அம்மா கல்யாணமாகி வந்தவர் என்றால் பல் வெள்ளையாகவே இருக்கும், எலும்பு தப்பாது.

ஓசூர் பிசியோ:
வாத்தியார் சொல்வதில் பாதிக்குத்தான் உடன்படுவேன். காயமோ நரம்புச் சேதமோ இல்லாமலே நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாக்கும் என்பதை சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-ல் தனி வகையாகவே ஏற்றது. தேடினால் எல்லா வலிக்கும் எலும்பில் காரணம் கிடைத்துவிடாது. அதே சமயம் தங்கச்சி, அந்த ஸ்கேன் காட்டியது ஒரு குழுவின் சராசரி. அந்தப் பகுதிகள் பயத்திலும் கவனத்திலும் கூட வேலை செய்யும். அம்மாவை மட்டும் ஸ்கேன் எடுத்து வலியை நிரூபிக்க முடியாது. அவர் வலிக்கிறது என்று சொல்வதுதான் சாட்சி. தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள், வாரவாரம் சிறிது கூட்டுங்கள்.

பென்னாகரம் வாத்தியார்:
நடக்கட்டும். ஆனால் காரணத்தை விட்டுவிட்டு நடக்கச் சொன்னால், அதே தண்ணீரை அல்லவா குடித்துக்கொண்டு நடப்பார்?

பாலக்கோட்டு மகள்:
சரி அண்ணா, தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கிறேன். ஃப்ளோரைடு இல்லை என்று வந்தால், திரும்பவும் மனசுதான் என்று யாரையும் சொல்ல விடமாட்டேன்.

பென்னாகரம் வாத்தியார்:
விடாதே. கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்காதே, பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துப்போ. இப்போதைய குழாய்த் தண்ணீர் மட்டும் போதாது, அம்மா முன்பு குடித்த பழைய போரிலிருந்தும் ஒரு பாட்டில் பிடி.