முக்காலியைக் கொடுத்தது சங்கமா?

கல்லாப்பெட்டி:
ராமநாதபுரத்தில் மே தினத்துக்கு ஒட்டிய நோட்டீஸ் ஒன்றைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கடை ஊழியர் உட்கார முக்காலி கிடைத்ததென்றால் அது சங்கம் வாங்கித் தந்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பதினோரு வருடம் ஜவுளிக்கடையில் கால் வீங்க நின்றவன் நான். எனக்கு முக்காலி வந்தது சட்டத்தால். 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-ல் திருத்தி, ஊழியர் உட்கார வசதி தர வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள், அதனால் வந்தது. சங்கம் மாதாமாதம் சந்தாதான் வாங்கியது.

அதோடு போயிற்றா? ரம்ஜான் கடைசி வாரம், துணி எடுக்கக் கூட்டம் நெரிகிறது. மதுரையில் இருக்கும் சங்கத்திலிருந்து போன்: நாளை வேலைநிறுத்தம். எங்கள் கடையில் ஆறே பேர். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாலு பேர் வேலைக்குப் போகாமல் நின்றோம். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருநாள் முடிந்ததும் இரண்டு பேருக்குக் கணக்கு முடித்துவிட்டார். சங்கத்து ஆளைக் கூப்பிட்டால் "மீட்டிங்கில் இருக்கேன்" என்றார். இன்றுவரை அந்த மீட்டிங் முடியவில்லை.

தொண்டிக்காரி:
அண்ணே, அந்த இரண்டு பேருக்கு நடந்தது அநியாயம். ஆனால் சட்டம் என்ன வானத்திலிருந்தா விழுந்தது? கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2018-ல் கேரளாவில் சட்டம் வந்தது, அதற்கப்புறம்தான் இங்கே. உங்கள் முக்காலிக்கு அந்தப் பெண்கள்தான் காரணம்.

கல்லாப்பெட்டி:
அதையேதான் நானும் சொல்கிறேன். அவர்கள் "பெண்கூட்டு" என்று தாங்களாகவே கூடினவர்கள். பெரிய சங்கங்கள் தங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று அவர்களே சொன்னார்கள். ஆக, முக்காலியைக் கொடுத்தது சங்கம் இல்லை.

தொண்டிக்காரி:
நாலு பெண்கள் கூடி உரிமை கேட்டால் அதற்குப் பேர் சங்கம் இல்லாமல் என்ன, சீட்டுக் கம்பெனியா?

கீழக்கரை காக்கா:
நான் கடை வைத்திருக்கிறவன். வேலைக்குப் பையன்கள் மூன்று பேர். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கடலுக்குப் போகாத வீட்டில் காசு ஏது? எல்லாம் கடன் கணக்குதான். அப்போதும் முழுச் சம்பளம் கொடுக்கிறேன். நடுவில் ஒரு சங்கத்துக்காரர் வந்தால் நானும் பையனும் முகம் பார்த்துப் பேசுகிறது போய்விடும்.

தொண்டிக்காரி:
காக்கா, முழுச் சம்பளமா, இல்லை அட்வான்ஸ் என்று எழுதி ஆடியில் பிடித்துக்கொள்கிற சம்பளமா? என் தம்பி கீழக்கரைக் கடையில் இரண்டு வருடம் இருந்தான். போனஸ் கேட்டதற்கு ஒரு கிலோ தொதல் அல்வா கொடுத்து அனுப்பினார்கள்.

கீழக்கரை காக்கா:
எந்தக் கடை என்று தெரியாமல் ஊரையே பேசாதீர்கள். எங்கள் தொதலை இழுக்க வேண்டிய அவசியம் என்ன? தொண்டியில் மட்டும் அள்ளியா கொடுக்கிறார்கள்?

பாம்பன்காற்று:
தொதலை விடுங்கள். சென்னையில் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் 1918-ல் சங்கம் வைத்திருக்காவிட்டால் இன்றைக்கு எட்டு மணி நேரம் என்று பேச நமக்கு வாய் இருக்குமா? ராமேஸ்வரம் சங்குக் கடைகளில் விடிகாலை நாலு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிற பையன்களைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கல்லாப்பெட்டி:
தம்பி, மில்லில் ஆயிரக்கணக்கான பேர். கடையில் ஆறு பேர். சங்கம் பதிவு செய்யவே ஏழு பேர் கையெழுத்து வேண்டும். எங்களால் சொந்தமாக வைக்க முடியாது, வெளியூர்ச் சங்கத்தில்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே நம் பேச்சு எடுபடாது. வேலை போனால் மட்டும் நமக்குத்தான் போகும். இதை எத்தனை தடவை சொல்வது? முக்காலியைக் கொடுத்தது சட்டம்.

தொண்டிக்காரி:
அரண்மனைப் பக்கத்துக் கடைகள் எல்லாம் சேர்ந்தால் ஏழு பேர் என்ன, எழுபது பேர் வருவார்கள். சரி, ஒன்று கேட்கிறேன். சட்டம் கொடுத்த அந்த முக்காலியில் உட்கார்ந்தீர்களா?

கல்லாப்பெட்டி:
நீல பிளாஸ்டிக் முக்காலி. ஒரு கால் விரிந்திருக்கும். மேல் தட்டிலிருந்து பட்டுப்புடவைப் பெட்டி இறக்க அதில்தான் ஏறி நிற்போம். கூட்டம் இல்லாதபோது உட்காரலாம்.

பாம்பன்காற்று:
உட்காரலாமா, உட்கார்ந்தீர்களா?

கல்லாப்பெட்டி:
சூப்பர்வைசர் சாப்பிடப் போகும்போது உட்கார்ந்திருக்கிறேன். அதற்கும் சங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. கேள்வி, கொடுத்தது யார் என்பது.

தொண்டிக்காரி:
ஏறி நிற்கக் கொடுத்ததற்கா இவ்வளவு நன்றி?

கீழக்கரை காக்கா:
தொண்டிக்காரி, தொதல் பேச்சுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கல்லாப்பெட்டி:
பேச்சை மாற்ற வேண்டாம். 22-ஏ பிரிவில் சங்கம் என்ற வார்த்தை எங்கே இருக்கிறது? அதை மட்டும் காட்டுங்கள். நாளை கடை அடைத்ததும் வருகிறேன்.