சார்ஜர் போட்டா மிஷின் ஓடுது, ஆனா பேட்டரி ஏறமாட்டேங்குது. ஏற்காட்டுல இருந்து உதவி கேக்கறேன்

நாகலூர் கணக்கு:
வணக்கம். ஏற்காடு நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல கணக்கு எழுதறேன். ஆபீஸ் லேப்டாப் நாலு வருசம் பழசு, விண்டோஸ் 11. பேட்டரி உள்ளேயே வச்சு மூடினது. சார்ஜர் சொருகினா மிஷின் நல்லா ஆன் ஆகுது, ஆனா பேட்டரி 31 சதவீதத்துலயே நிக்குது. திரையில பேட்டரி படத்து மேல அம்புக்குறியை வச்சா "ப்ளக்ட் இன், நாட் சார்ஜிங்"னு வருது. சார்ஜரைப் பிடுங்கினா இறங்குது, திரும்பச் சொருகினா எங்க இறங்குச்சோ அங்கயே நிக்குது.

சேலத்துல ஒரு கடையில பேட்டரி செத்துப்போச்சுன்னாங்க. இன்னொரு கடையில போர்டுல ஐசி போயிருக்கு, வச்சிட்டுப் போங்கன்னாங்க. மலை இறங்கி ஏறினா அரை நாள் காலி, அதனால எதையாவது இங்கயே பார்த்துத் தெளிஞ்சிட்டு இறங்கலாம்னு இருக்கேன். மழை பிடிச்சா சில்வர் ஓக் கிளை கம்பி மேல விழுந்து கரண்டு எப்போ வரும்னு சொல்ல முடியாது. பேட்டரி இல்லாம இங்க வேலையே ஓடாது. 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-3பி (மாசா மாசம் போடற ஜிஎஸ்டி ரிட்டர்ன்) வேற போடணும்.

கூடுதல் தகவல்: சாயங்காலம் வோல்டேஜ் குறையும். மேல் மூடியில கை வச்சா லேசா வெறுவெறுன்னு, சின்ன ஷாக் மாதிரி இருக்கும். இப்பல்லாம் எக்செல் திறக்கவே ரொம்ப நேரமாகுது, அது வேற பிரச்சினைன்னு நினைக்கறேன். மாடல் பேரை வேணும்னே எழுதலை. எழுதினா எந்தக் கம்பெனி நல்லதுன்னு சண்டை ஆரம்பிச்சிடும்.

கருப்பூர் ஹாஸ்டல்:
அண்ணா, முதல்ல காசில்லாத வைத்தியம். ஷட்டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை அரை நிமிசம் அழுத்திப் பிடிங்க. அப்புறம் சார்ஜரைப் போட்டு ஆன் பண்ணுங்க. சில மாடல்ல அடிப்பக்கம் குண்டூசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், பக்கத்துல பேட்டரி படம் போட்டிருக்கும். அதுக்குள்ள ஊசியால லேசா அழுத்தினாலும் அதே வேலைதான்.

அதுக்கும் மசியலைன்னா டிவைஸ் மேனேஜர்ல பேட்டரீஸ் பகுதியைத் திறந்து, "மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ" னு ஆரம்பிக்கற பேட்டரி வரியை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் குடுங்க. விண்டோஸ் தானா திரும்பப் போட்டுக்கும். இன்னொண்ணு, பேட்டரி ஆயுசைக் காப்பாத்தறதுக்குன்னு 60 இல்ல 80 சதவீதத்துல நிறுத்தற வசதி பல லேப்டாப்ல இருக்கு. லெனோவோவுல கன்சர்வேஷன் மோட்னு பேரு. அது ஆன்ல இருந்தாலும் "நாட் சார்ஜிங்"தான் காட்டும்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டோர்ஸ்:
ஏற்காட்டுக் குளிருக்கு லித்தியம் பேட்டரி ஏறாதுங்க. வெயில்ல கொஞ்ச நேரம் வச்சு எடுத்துப் பாருங்க. என் மச்சான் பழைய லேப்டாப் பேட்டரியைக் கழட்டி ஃப்ரீசர்ல வச்சு சரி பண்ணினான்.

சூரமங்கலம் ரிட்டயர்டு:
தம்பி, குளிருக்கு ஏறாதுன்னு சொல்லிட்டு அதையே ஃப்ரீசர்லயும் வைக்கச் சொல்றீங்களே! லித்தியம் அயன் பேட்டரிக்கு பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏத்தக்கூடாது என்பது உண்மை. ஆனால் ஏற்காட்டு மார்கழிக் குளிர் அந்த அளவுக்கு வராது. வெயிலில் வைக்கிற யோசனை அதைவிட மோசம். 45, 50 டிகிரிக்கு மேல் சூடானால் பாதுகாப்புச் சுற்றே சார்ஜை நிறுத்திவிடும், பேட்டரியும் கெடும்.

வோல்டேஜ் பற்றி: சார்ஜர் அடிப்பக்கம் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். சாயங்காலம் 170க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். ஃபிரிட்ஜுக்கு வைக்கிற ஸ்டெபிலைசர் இதற்குத் தேவையே இல்லை. கரண்டு போய்த் திரும்பும்போது வருகிற எகிறலும் கோடை இடியும்தான் எமன். இடி சத்தம் கேட்டால் பிளக்கையே பிடுங்கி வையுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

அந்த வெறுவெறுப்பு எர்த் இல்லாத கோளாறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி பெஞ்ச்:
ரிப்பேர் பெஞ்சுல உட்கார்ந்து இதையே தினமும் பார்க்கறவன் சொல்றேன், பேட்டரியையும் போர்டையும் இப்போதைக்குத் தொடாதீங்க. நீங்க போறபோக்குல எழுதின வரிதான் எனக்கு முக்கியமாப் படுது. எக்செல் திறக்க நேரமாகுதுன்னீங்களே, சார்ஜரைக் கழட்டிட்டு வெறும் பேட்டரியில ஓட்டினா வேகம் வருதா?

கூடவே இதையும் பார்த்துச் சொல்லுங்க. சார்ஜர் முனை எப்படி இருக்கு? உருளையா, நடுவுல மெல்லிசா ஒரு ஊசி நிக்குதா? அடுத்தது, ஆன் பண்ணும்போது எஃப்2 தட்டி பயாஸுக்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் பக்கம்) போங்க. பேட்டரி பக்கத்துல சார்ஜர் எத்தனை வாட்னு போட்டிருக்கும். அங்க என்ன எழுதியிருக்குன்னு அப்படியே சொல்லுங்க.

அப்புறம் பேட்டரி ரிப்போர்ட். கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட், எல்லாம் ஆங்கில எழுத்துல. ஒரு ஃபைல் உருவாகும், எங்க இருக்குன்னு அதுவே காட்டும். அதுல டிசைன் கெப்பாசிட்டி (புதுசுல கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போ கொள்ளளவு), சைக்கிள் கவுண்ட் (எத்தனை முறை முழுசா ஏறி இறங்கியிருக்கு) மூணும் வேணும்.

நாகலூர் கணக்கு:
தம்பி சொன்ன பவர் பட்டன், டிவைஸ் மேனேஜர் ரெண்டும் செஞ்சாச்சு, மாற்றமில்லை. 80 சதவீத வசதி ஆஃப்லதான் இருக்கு.

பெஞ்ச் அண்ணா கேட்டது: சார்ஜரைக் கழட்டினா நிஜமாவே வேகம் வருது! சொருகினா திரும்ப ஆமை நடை. நான் இதைக் கவனிச்சதே இல்ல. முனை உருளைதான், நடுவுல ஊசி இருக்கு. பயாஸ்ல அடாப்டர்னு போட்டு பக்கத்துல "அன்நோன்"னு வருது. டிசைன் 42,000 மில்லிவாட் ஹவர், ஃபுல் சார்ஜ் 33,600, சைக்கிள் 290.

கருப்பூர் ஹாஸ்டல்:
42,000க்கு 33,600ன்னா 80 சதவீதம். 300, 500 சைக்கிள்ல இந்த அளவுக்கு இறங்கறது சாதாரணம்தானே? பேட்டரி செத்ததுன்னு எப்படிச் சொன்னாங்க?

அஸ்தம்பட்டி பெஞ்ச்:
அதேதான். பேட்டரிக்கு வயசாயிருக்கு, சாகலை. செத்த பேட்டரின்னா ஃபுல் சார்ஜ் பாதிக்கும் கீழே இருக்கும், இல்லன்னா பேட்டரியே இல்லைன்னு காட்டும்.

"அன்நோன்" தான் விசயம். இந்த வகைச் சார்ஜர்ல வெளி உலோகம் நெகட்டிவ், உள் வளையம் பாசிட்டிவ், 19.5 வோல்ட். நடு ஊசியில கரண்டு வராது, சேதி மட்டும் வரும். சார்ஜருக்குள்ள ஒரு சின்ன சிப்பு இருக்கு, நான் இத்தனை வாட்னு அந்த ஊசி வழியாச் சொல்லும். எஸ்டேட் கேட்டுல வாட்ச்மேன் ஆளைத் தெரிஞ்சாத்தான் லாரியை உள்ளே விடற மாதிரி, சேதி கிடைச்சாத்தான் லேப்டாப் பேட்டரிக்கு சார்ஜ் விடும். சேதி வரலைன்னா மிஷின் ஓடற அளவுக்கு மட்டும் கரண்டு எடுத்துக்கும், பேட்டரியை ஏத்தாது. தெரியாத சார்ஜர் தாங்குமோ தாங்காதோன்னு பிராசஸர் வேகத்தையும் குறைச்சிடும். உங்க எக்செல் தவழ்ந்தது அதனாலதான்.

இதுக்கு மூணு காரணம். சார்ஜர் ஒயர்ல அந்த மெல்லிசுக் கம்பி அறுந்திருக்கும், பத்துக்கு எட்டு இதுதான்னு என் அனுபவம். இல்ல, லேப்டாப் பக்கம் ஜாக் ஆடிப்போயிருக்கும், பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். உங்க ஊர் மூடுபனிக்கு அது நடக்கக்கூடியதுதான். கடைசியாத்தான் போர்டு.

எச்சரிக்கை: மல்டிமீட்டர் வச்சு முனையை அளக்கறேன்னு ஊசியையும் உள் வளையத்தையும் சேர்த்துத் தொட்டுடாதீங்க. 19.5 வோல்ட் ஊசியில பாஞ்சா சிப்பு அங்கயே முடிஞ்சிடும். மீட்டர்ல 19.5 சரியாக் காட்டுதேன்னு சார்ஜர் நல்லதுன்னும் முடிவு பண்ண முடியாது. கரண்டு வர்றது வேற, சேதி வர்றது வேற. கடைக்காரங்க ஏமாந்ததும் அங்கதான் இருக்கும்.

பக்கத்து எஸ்டேட்ல அதே கம்பெனி, அதே முனை சார்ஜர் யார்கிட்டயாவது இருக்குமா? உங்களோடது 65 வாட்னா 90 வாட் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, தேவையானதை மட்டும்தான் எடுக்கும். 45 வாட் வேண்டாம், அதுலயும் சார்ஜ் ஏறாம குழப்பும்.

கருப்பூர் ஹாஸ்டல்:
டைப்-சி ஓட்டை இருந்தா அதுல போட்டு ஏத்த முடியாதா?

அஸ்தம்பட்டி பெஞ்ச்:
அந்த ஓட்டை பக்கத்துல பிளக் படமோ பேட்டரி படமோ இருந்தா முடியும். சார்ஜர் யுஎஸ்பி பவர் டெலிவரிங்கற பொது முறையில 20 வோல்ட் குடுக்கறதா இருக்கணும், 65 வாட் உத்தமம். சில போன் சார்ஜர் மேல 67 வாட்னு போட்டிருப்பான், அது அந்தப் போனுக்கு மட்டும். லேப்டாப்ல சொருகினா சாதாரண போன் சார்ஜர் மாதிரி 5 வோல்ட்ல நின்னுடலாம். ஓட்டையில படம் இல்லைன்னா சார்ஜ் எடுக்கும்னு நம்ப முடியாது, முதல்ல கம்பெனி கையேட்டைப் பாருங்க.

நாகலூர் கணக்கு:
டைப்-சி இல்லீங்க. மஞ்சக்குட்டை பக்கம் ஒருத்தர்கிட்ட அதே முனையில 90 வாட் இருக்குன்னு தெரிஞ்சுது. நாளைக்குக் காலையில வாங்கிட்டு வர்றேன்.

சூரமங்கலம் ரிட்டயர்டு:
அதற்குள் அந்த வெறுவெறுப்பைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சிறு கெப்பாசிட்டர் உண்டு. அதன் வழியே துளிக் கசிவு எப்போதும் இருக்கும், அது எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் சொருகினாலோ, வீட்டு எர்த் செத்திருந்தாலோ அந்தக் கசிவு உங்கள் கை வழியாகப் போகிறது. சார்ஜ் ஏறாததற்கு இது காரணமில்லை, ஆனாலும் சரி செய்யுங்கள். சேர்வராயன் மலை முழுக்க சார்னோக்கைட் பாறை. பாறையின் மேல் அரையடி மண்ணில் அடித்த கம்பி எர்த்தே ஆகாது. ஈரம் நிற்கிற ஆழமான இடமாகப் பார்த்துக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேஸுக்கும் (கரண்டு வருகிற கம்பி) எர்த்துக்கும் இடையே டெஸ்ட் பல்பு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக எரிந்தாலோ எரியாமலே போனாலோ எர்த் சரியில்லை என்று புரிந்துவிடும்.

நாகலூர் கணக்கு:
ஏறுது! அவங்க சார்ஜரைப் போட்டதும் பயாஸ்ல 90 வாட்னு வந்துச்சு. 31ல இருந்து கண்ணு முன்னாடியே ஏற ஆரம்பிச்சுது, எக்செல்லும் பழைய வேகத்துக்கு வந்துடுச்சு. ஜாக்குல சொருகி லேசா ஆட்டிப் பார்த்தேன், விட்டு விட்டு வரலை. எங்க சார்ஜர் ஒயரைப் பார்த்தா முனை பக்கத்துக் கழுத்துல மடிஞ்சு வெளுத்திருக்கு. அங்க வளைச்சுப் பிடிச்சா ஒரு நொடி 65 வாட்னு வந்து போகுது. 3பி-யும் போட்டாச்சு.

புது சார்ஜர் வாங்க சேலம் இறங்கறேன். ஒரிஜினலுக்கும் லோக்கலுக்கும் நாலு மடங்கு விலை வித்தியாசம் சொல்றாங்க. எதைப் பார்த்து வாங்கறது?

அஸ்தம்பட்டி பெஞ்ச்:
லேப்டாப்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க. ஐந்து ரோடோ புது பஸ் ஸ்டாண்டோ, எந்தக் கடையா இருந்தாலும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி கவுண்டர்லயே சொருகி, எஃப்2 தட்டி, பயாஸ்ல 65 வாட்னு வருதான்னு பாருங்க. மலிவு சார்ஜர் சிலதுல ஊசி இருக்கும், அதுக்குப் பின்னாடி சிப்பு இருக்காது. விளக்கு எரியுது, மிஷின் ஓடுதுன்னு காட்டி அனுப்பிடுவாங்க, வீட்டுக்கு வந்தா பழைய கதைதான். ஒரிஜினல்தான் வேணும்னு நான் சொல்லமாட்டேன். பயாஸ்ல வாட் காட்டற, ஸ்டிக்கர்ல ஐஎஸ் 13252 ங்கற இந்தியத் தர எண்ணும் ஆர்-னு ஆரம்பிக்கற பதிவு எண்ணும் இருக்கற வேற தயாரிப்பும் போதும். பின்னாடி பேட்டரி மாத்தும்போதும் இதே மாதிரி பாருங்க, அதுக்கு ஐஎஸ் 16046.

பழைய சார்ஜர் ஒயரை வெட்டிப் புது முனை வைக்கலாம்னு யாராவது சொல்வாங்க. மூணு கம்பியும் சரியாச் சேரணும், பிசகினா சிப்பு போயிடும். செய்யத் தெரிஞ்ச கையா இருந்தா நூறு, இருநூறுல முடியற வேலை. எனக்குத் தெரியாத கைக்கு நான் குடுக்கமாட்டேன். புதுசு வந்ததும் ஒயரை அடாப்டர் மேல இறுக்கிச் சுத்தாதீங்க, கழுத்துல தொளதொளன்னு ஒரு வளையம் விட்டுச் சுத்துங்க.

நாகலூர் கணக்கு:
வாங்கியாச்சு, வேற தயாரிப்புதான். முதல் கடையில பயாஸ் பார்க்கணும்னதும் முகம் சுளிச்சாங்க, சொருகினா "அன்நோன்". அடுத்த கடையில 65 வாட் வந்துச்சு. எப்பவும் சார்ஜர்லயே கிடக்கற மிஷின் இது, 80 சதவீத வசதியை ஆன் பண்ணி வைக்கட்டுமா?

அஸ்தம்பட்டி பெஞ்ச்:
மத்த மாசத்துல வைங்க, நல்லது. மழைக்காலத்துல மட்டும் எடுத்துவிட்டு நூறு ஏத்திக்கோங்க. கரண்டு போனா அந்த 20 சதவீதம் உங்களுக்கு உதவும்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டோர்ஸ்:
பெஞ்ச் சார், இதையெல்லாம் படிச்சுட்டு என் லேப்டாப்பை எடுத்தேன். அதுவும் ஏறலை. ஆனா டச்பேட் மேல தூக்கிட்டு நிக்குது, மூடி சரியா மூடலை. இதுவும் ஊசிதானா?

அஸ்தம்பட்டி பெஞ்ச்:
இல்லைங்க, அது பேட்டரி உப்பினது. இப்பவே ஆஃப் பண்ணுங்க, சார்ஜர் போடாதீங்க. மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீங்க, ஊசியால குத்திக் காத்தை விடறேன்னு யாராவது சொன்னா கிட்டயே விடாதீங்க, தீப்பிடிச்சிடும். துணி, பேப்பர் எதுவும் இல்லாத சிமெண்ட் தரையில வச்சிட்டு, சார்ஜர் ஒயர் இல்லாம நாளைக்குக் கடைக்குக் கொண்டுபோய்க் கழட்டச் சொல்லுங்க. கழட்டின பேட்டரியைக் குப்பை வண்டியில போடாம, புதுசு வாங்கற கடையிலயே குடுங்க. 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரிக்கறவங்கதான் திரும்பச் சேகரிக்கணும். முக்கியமா, உங்க மச்சானைக் கூப்பிடாதீங்க.