வீட்டுச் சேவைத் தொழிலுக்கு ரிவார்டு கார்டு: பெங்களூரு அனுபவப் பகிர்வு

கே.ஆர். புரம், பிளம்பிங் – எலெக்ட்ரிக்கல்

நாலு ஆள், இரண்டு பைக், ஒரு டாடா ஏஸ். இந்த அளவுத் தொழிலின் மாதச் செலவைப் பிரித்து எழுதினால் ஏறக்குறைய இப்படி நிற்கும்: குழாய், வால்வு, ஒயர், எம்சிபி போன்ற சாமான் 70,000 ரூபாய், ஆன்லைனில் வாங்கும் கருவி, டிரில் பிட், சீலன்ட் 12,000, பெட்ரோல், டீசல் 9,000, போன், விளம்பரம் 6,000. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 5 சதவீத கேஷ்பேக், பெரும்பாலும் அந்த 12,000-க்கு மட்டும்தான். மொத்த ஹார்டுவேர் கடைகள் உள்ள எஸ்.ஜே.பி. ரோட்டில் கொட்டும் 70,000-க்கு என்ன கிடைக்கும், எந்தக் கார்டு பொருந்தும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சிவாஜிநகர், ஏசி சர்வீஸ்

அந்த 70,000-க்குக் கார்டைப் பார்க்கும் முன் கடையைப் பாருங்கள். மொத்தக் கடைகளில் "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் ஜாஸ்தி ஆகும்" என்பது வழக்கமான பேச்சு. ஸ்வைப் மெஷினுக்குக் கடைக்காரர் வங்கியிடம் கொடுக்கும் கமிஷனை நம் தலையில் வைக்கிறார். 10,000 ரூபாய் பில் 10,200 ஆகும். 1 சதவீத கார்டில் 102 ரூபாய் திரும்பி வரும். ஆக, கையை விட்டுப் போவது 98 ரூபாய்.

இதை நஷ்டம் என்று உடனே தள்ளிவிடாதீர்கள். 98 ரூபாய் கொடுத்து 10,000-ஐ 45 நாள் வைத்துக்கொள்வது ஆண்டுக் கணக்கில் சுமார் 8 சதவீத வட்டி. 8,500 கையில் தந்து 100 நாளில் 10,000 வசூலிக்கும் தண்டலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அபார்ட்மென்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பணம் வர 30, 45 நாள் ஆகிறவர்களுக்கு இந்த நாட்கள்தான் உண்மையான ரிவார்டு. வேலை முடிந்த அன்றே ஜிபே வாங்குகிறவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் கணக்கிலிருந்து யுபிஐ போட்டுத் தள்ளுபடி கேட்பதே மேல்.

இந்த நாட்களை முழுதாக அனுபவிக்க ஸ்டேட்மென்ட் (கார்டின் மாத பில்) தேதி சரியாக அமைய வேண்டும். அபார்ட்மென்ட் சங்கம் 10-ம் தேதி வாக்கில் பணம் போடுகிறது என்றால், கட்ட வேண்டிய கடைசி நாள் 15, 16 வாக்கில் வரட்டும். அதற்கு ஸ்டேட்மென்ட் 26-ம் தேதி விழ வேண்டும். 27-ம் தேதி வாங்கும் சாமானுக்கு ஏறக்குறைய 50 நாள் கிடைக்கும். அதே சாமானை 25-ம் தேதி வாங்கினால் 20 நாள்தான். பில்லிங் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வங்கி வழி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கார்டு கையில் வந்ததும் முதல் வேலையாக இதைக் கேளுங்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், டீப் கிளீனிங்

அண்ணா சொன்ன 2 சதவீதத்துக்கு ஒரு மாற்று இருக்குங்க. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைத்து ஸ்கேன் பண்ணலாம். 2022-இலிருந்தே இருக்கிற வசதி. சின்னக் கடைகளுக்கு 2,000 ரூபாய் வரைக்கும் கமிஷன் கிடையாது, அதனால் கடைக்காரர் கூடுதல் கேட்கக் காரணமே இல்லை. பாதி வேலையில் ஓடிப்போய் வாங்குகிற பால் வால்வு, சிபிவிசி எல்போ, டெஃப்லான் டேப், ஆசிட் கேன் எல்லாம் இந்த அளவுக்குள்ளேதான் வரும்.

சிக்கல் ஒன்று: கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் வியாபாரிக் கணக்காக இருக்கணும். முதலாளியின் சொந்த நம்பர் க்யூஆராக இருந்தால் கிரெடிட் கார்டில் பணம் போகாது. அடிக்கடி போகிற நாலைந்து கடையில் முதலில் ஸ்கேன் பண்ணிப் பாருங்க, அதுக்கப்புறம் கார்டுக்கு விண்ணப்பம் போடுங்க. சில கார்டுகள் யுபிஐ செலவுக்கு ரிவார்டு புள்ளியே தருவதில்லை, சிலது பாதி தரும். விதிமுறைத் தாளில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கணும்.

அடுத்தது வணிக வகைக் குறியீடு. ஒவ்வொரு ஸ்வைப் மெஷினுக்கும் நாலு இலக்க எண் உண்டு. ஹார்டுவேர் கடை 5251, கட்டுமானப் பொருள் 5211, எலெக்ட்ரிக்கல் பாகம் 5065, பிளம்பிங் சாமான் 5074, மின்சாரம், தண்ணீர் போன்ற கட்டணம் 4900. வங்கி பார்ப்பது பெயர்ப்பலகையை இல்லை, இந்த எண்ணை. ஒரே தெருவில் ஒரு கடையில் புள்ளி விழுந்து பக்கத்துக் கடையில் விழாததுக்கு இதுதான் காரணம். 300, 400 ரூபாய்க்கு ஒரு பில் போட்டு, ஸ்டேட்மென்ட் வந்ததும் புள்ளி ஏறியதா என்று பார்த்தபிறகு பெரிய பில்லுக்குப் போங்க. பெஸ்காம் (கரண்ட்) பில், வாலட் ரீசார்ஜ், வாடகை மூன்றுக்கும் புள்ளியை எதிர்பார்க்காதீங்க. சில வங்கிகள் குறிப்பிட்ட தொகைக்கு மேலே போனால் 1 சதவீதம் கட்டணமே போடுறாங்க.

பெட்ரோலுக்குத் தனிக் கார்டு எடுப்பது நல்லது. பொதுக் கார்டுகளில் எரிபொருளுக்குப் பெரும்பாலும் புள்ளி இல்லை, 1 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) தள்ளுபடி மட்டும்தான். அதற்கும் 400 ரூபாய்க்குக் கீழே போட்டால் கிடைக்காது என்பது வழக்கமான நிபந்தனை. பையன்கள் பைக்குக்கு 200, 200 என்று போட்டால் தள்ளுபடி மொத்தமும் போச்சு.

பசவனகுடி, கணக்கு – வரி வேலை

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், இது முக்கியம். தனிநபர் கார்டுகள் பலவற்றின் விதிமுறையில் "வணிக உபயோகத்துக்கு அல்ல" என்று ஒரு வரி இருக்கும். மாதாமாதம் ஒரே மொத்தக் கடையில் 60,000, 70,000 போனால் புள்ளியை நிறுத்தவோ கார்டை முடக்கவோ அந்த வரி வங்கிக்கு இடம் தருகிறது. சாமான் செலவுக்குத் தொழில் கார்டே எடுங்கள், சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒரே முதலாளி நடத்தும் தொழிலுக்கு உத்யம் (குறு, சிறு தொழில்) பதிவு, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அது, இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். வரிக் கணக்கு இல்லாத புதுத் தொழிலுக்கு வைப்புத்தொகையின் மேல் கார்டு கிடைக்கும். வைப்பின் 75 சதவீதம் முதல் முழுத் தொகை வரை வரம்பு தருவார்கள்.

ஜிஎஸ்டி பதிவு இருப்பவர்கள் தொழில் கார்டில் தங்கள் எண்ணைப் பதிந்துவிடுங்கள். ஆண்டுக் கட்டணத்தின் மேல் வரும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, அது வேண்டும். சாமானுக்கோ கார்டு சீட்டு போதாது, உங்கள் எண் போட்ட வரி பில் கட்டாயம். 2 சதவீதம் கூடுதல் வாங்கினால் அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டில் எழுதியதைக் கணக்கில் காட்ட முடியாது.

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. உண்மைச் செலவைக் கழித்து லாபம் காட்டுகிறவர்களுக்குக் கார்டு இதில் உதவும். இன்னொரு பக்கம், ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் கார்டு பில் கட்டினால் அந்தத் தகவல் வருமான வரித் துறைக்குப் போகும்; பில்லை ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சத்திலேயே போகும். மாதம் 90,000 என்றால் ஆண்டுக்கு 10.8 லட்சம். காட்டும் வரவு அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும்.

கட்டணக் கணக்கும் போட்டுவிடுவோம். 999 ரூபாய் கார்டு 18 சதவீதம் சேர்த்து 1,178.82. 1 சதவீத கேஷ்பேக்கில் முதல் 1,17,882 ரூபாய்ச் செலவு கட்டணத்துக்கே சரி. புள்ளிக் கார்டு என்றால் புள்ளியின் மதிப்பைக் கேளுங்கள். 150 ரூபாய்க்கு 2 புள்ளி, புள்ளி 25 பைசா என்றால் 0.33 சதவீதம்தான்.

கே.ஆர். புரம்

நன்றி. பசங்களுக்குத் துணைக் கார்டு கொடுக்கலாமா? பிரஷர் வாஷர், வேக்குவம் மாதிரி 24,000 ரூபாய்ச் சாமானுக்கு வட்டியில்லா இஎம்ஐ சரியா?

எச்.எஸ்.ஆர். லேஅவுட்

தனிநபர் கார்டில் துணைக் கார்டு பெரும்பாலும் குடும்பத்தாருக்குத்தான். தொழில் கார்டில் ஊழியருக்கு வாங்கலாம். ஆப்பில் ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் அணைங்க. கடை வரம்பை 3,000-க்கு வையுங்க. மெஷினில் கார்டைத் தொட்டுக் கட்டும் டேப் வசதியையும் அணைச்சிடுங்க, தொலைந்தால் 5,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பர் கேட்காமல் போய்விடும்.

சிவாஜிநகர்

இஎம்ஐ-யில் வட்டியைத்தான் கடை தள்ளுபடியாகத் தருகிறது. வட்டியின் மேலுள்ள 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் உங்களுடையது. 24,000-க்கு 6 மாதம், 15 சதவீத வட்டி, 199 ரூபாய்க் கட்டணம் என்றால் எல்லாம் சேர்த்து 420 ரூபாய் வாக்கில் வரும். புள்ளி பெரும்பாலும் கிடையாது. பாக்கி இருக்கும் வரை வரம்பில் அந்தத் தொகை அடைபட்டிருக்கும், சீசனில் காப்பர் பைப் வாங்க இடம் பத்தாமல் போகும். சீசன் முடிந்து போடுங்கள்.

பசவனகுடி

சங்கம் பணம் போடத் தாமதித்த மாதத்தில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 40,000 பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் 1,400, அதன் மேல் ஜிஎஸ்டி 252. புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரு வருட கேஷ்பேக்கின் பெரும்பகுதியை இப்படி இரண்டு மூன்று மாதம் தின்றுவிடும். கடைசி நாள் தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்பது விதி. அந்த மூன்று நாளை அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள்.

பொருந்தாத கார்டை வைத்துக்கொண்டு அழவும் வேண்டாம். பாக்கியைக் கட்டிவிட்டு மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடும் முன் சேர்ந்த புள்ளியை எடுத்துவிடுங்கள்.